அத்தானின் நெற்றிக்கட்டு

எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு வந்து அத்தானின் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். "கட்டுக்காரர்" என்று கேட்க வேண்டும். உடனே, "மூணாவது கவுண்டர், போங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, அவருக்கு உடம்பு சரியில்ல" என்று பதில் வரும். பதினொரு வருடங்களாக அவருக்கு உடம்பு சரியில்லை. அந்தப் பதினொரு வருடங்களில் ஒரு நாள்கூட அவர் மருத்துவ விடுப்பு எடுத்ததில்லையே என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அலுவலகத்தில் அவர் புகார்ப் பிரிவு. நான் அவருக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பில் பிரிவு. வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். அவரும் அக்காவும் கீழே, நான் மாடி அறையில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டில் உட்கார வைத்துவிட்டு மேலே போய்விடுவேன். அவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

அந்தக் கட்டு முதலில் நியாயமாகத்தான் வந்தது. அலுவலகத்தில் இரும்பு அலமாரியின் கதவு திறந்திருந்ததைக் கவனிக்காமல் அத்தான் நிமிர்ந்தார், நெற்றி கிழிந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் தையல் போட்டு, தலையைச் சுற்றி வெள்ளைத் துணியைச் சுற்றி அனுப்பினாள். மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவர், ஒன்பது நாளாகக் குழாயில் செங்கல் நிறத்தில் தண்ணீர் வருகிறது என்று கவுண்டர் பலகையை உடைத்துவிடும் வேகத்தில் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. "அடடா, என்ன சார் ஆச்சு?" என்றார். அத்தான் பாவமாக நெற்றியைத் தொட்டுக் காட்டினார். வந்தவர் கால் மணி நேரம் ஆறுதல் சொன்னார், தன் மாமனாருக்குத் தலையில் அடிபட்ட கதையைச் சொன்னார், நன்றாகத் தூங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீரின் நிறம் அவருக்கு மறந்தே போயிற்று.

அன்று முழுக்க அப்படித்தான். வருகிறவர்கள் எல்லோரும் குரலைத் தணித்தார்கள். சிலர் புகாரை எழுதாமலே திரும்பினார்கள். அன்று சாயங்காலம் அத்தான் வீட்டுக்கு வந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாதாரணமாக வேலை முடிந்து வந்தால் யாரோ பிழிந்து உதறிப் போட்டதுபோல் இருப்பார். அன்று முகம் தெளிவாக இருந்தது. "ஊரே என்னைத் திட்ட வந்துட்டு, நல்லா ரெஸ்ட் எடுங்கனு சொல்லிட்டுப் போகுது" என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தையல் ஏழு நாளில் பிரிக்கப்பட்டது. கட்டு பிரிக்கப்படவில்லை.

ஆஸ்பத்திரித் துணி அரிக்கிறது என்று அவர் சொன்னதும் அக்கா ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்தாள். நாலு விரல் அகலம், இரட்டை மடிப்பு, தலையைச் சுற்றி முடிச்சுப் போட்டபின் இரண்டு முனையும் ஒரு சாண் தொங்கும் நீளம். ஓரம் அடித்து ஆறு தைத்தாள், வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்பதால். துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் அடுக்கி வைத்தாள். ராணுவத்துக்கு ஆயுதம் செய்து கொடுப்பவர்கள் அந்த ஆயுதம் யார் மீது பாயும் என்று கேட்பதில்லை. என் அக்காவும் கேட்கவில்லை.

அதே வாரத்தில்தான் அவள் ஜன்னல் பேச்சை எடுத்தாள்.

எங்கள் சமையலறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் கடைசியில் இருக்கும் நீட்டு அறை. ஒரு பக்கம் கூடம், ஒரு பக்கம் குளியலறை, ஒரு பக்கம் சாமான் அறை. நாலாவது பக்கம்தான் வெளிச்சுவர். அதில் கூரையை ஒட்டி உள்ளங்கை அளவு ஒரு துவாரம். அதையும் ஒரு சிட்டுக்குருவி குடும்பம் அடைத்துக்கொண்டது. இரண்டு அடுப்பு, மாவு டின், வேறு இடமில்லாததால் மூலையில் அக்காவின் தையல் மெஷின். காலையில் உலை வைத்தால் பதினோரு மணிக்கு அந்த அறையிலேயே ஆளை வேகவைத்து எடுத்துவிடலாம். வெளிச்சுவரில் ஒரு ஜன்னல் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்தச் சுவர், பக்கத்து வீட்டில் இருக்கும் அத்தானின் அண்ணனுடைய நடைபாதையைப் பார்த்து நிற்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அந்த ஒரு வார்த்தைதான் சிக்கல். அத்தானின் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் கல் உடைக்கும் மெஷின் பக்கத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர், அவர் "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே அதட்டல் என்று நினைத்து எதிரில் இருப்பவர் ஓரடி பின்வாங்குவார். சின்ன வயதிலிருந்து அத்தான் அவரிடம் எதையுமே கேட்டதில்லை. கேட்காமல் கிடைத்ததை வைத்துக்கொண்டார், கிடைக்காததை வேண்டாம் என்று சொல்லிப் பழகிக்கொண்டார்.

"ஒரு ஜன்னல் வெச்சா நல்லா இருக்கும்ங்க. உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் அக்கா, தட்டில் பரிமாறிக்கொண்டே. அத்தான் சாப்பிட்டு எழுந்தார், அலமாரியைத் திறந்தார், ஒரு கட்டை எடுத்து நெற்றியில் கட்டிக்கொண்டு வந்து கூடத்துக் கட்டிலில் சாய்ந்தார். அக்கா ரேடியோவைத் தணித்தாள். அலுவலகத்துக்கென்று தைத்த கட்டு அன்று வீட்டுக்குள் நுழைந்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சைவிடக் கட்டுதான் அதிகம் பேசியது. முடிச்சு பின்னால் இருந்தால் நாம் பேசலாம், ஆனால் அவரை எதுவும் செய்யச் சொல்லக் கூடாது. முடிச்சு பக்கவாட்டில், காதுக்கு மேலே இருந்தால் அலுவலகத்தில் நாள் மோசம். டீ மட்டும் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். முடிச்சு முன்னால், நெற்றி நடுவில் இருந்தால் அவ்வளவுதான். கேள்வியே கூடாது. சாப்பாடு ஆச்சா, விளக்கை அணைக்கவா, செருப்பு எங்கே, எதுவும் கேட்கக் கூடாது. அன்றைக்கு எதுவானாலும் நாமே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஈரக்கட்டாக இருந்தால், அக்கா கடந்த ஒரு மணி நேரத்துக்குள் ஜன்னல் என்ற சொல்லை உச்சரித்திருக்கிறாள் என்று அர்த்தம். இந்தச் சட்டங்களை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அவர்கள் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்னே முடிச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், போன் செய்தால் முதல் கேள்வி, "அப்பாவுக்கு இன்னிக்கு முடிச்சு எங்க?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "வலி வந்தா வாரத்துல ஒரு நாள் வரணும், இல்ல ரெண்டு நாள் வரணும். அதென்ன, ஜன்னல்னு சொன்னா மட்டும் வருது?" என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.

"பாவம்டி. நாள் பூரா திட்டு வாங்குற மனுஷன்" என்பாள் அவள்.

அவள் பேச்சைக்கூட விட்டுவிடலாம். என் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது மாத்திரைதான். வாரத்துக்கு ஒரு அட்டை தலைவலி மாத்திரை எங்கள் வீட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து வரும் வழியில் நான்தான் வாங்கி வருவேன். என்னைப் பார்த்ததுமே மருந்துக்கடைக்காரர் அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்துவிடுவார். "அத்தானுக்குப் பரவாயில்லையா?" என்பார். "அப்படியேதான் இருக்கு" என்பேன். அட்டையை அக்காவிடம் கொடுப்பேன். அடுத்த வாரம் காலி. வலி இல்லாதவன் மாத்திரை விழுங்குவானா? ஆகவே வலி உண்மை. இப்படி நான் தீர்ப்பெழுதி, என் கட்சிக்காரியான அக்காவுக்கு எதிராகவே வழக்கை முடித்துவைத்தேன்.

ஒருநாள் சமையலறையில் எட்டிப் பார்த்தபோது அக்கா குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அடுப்புச் சூடு."

"அத்தானோட வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அலுவலகத்தில் இதற்கிடையே அத்தான் பெரிய மனிதராகிவிட்டார். மாதாமாதம் எந்தக் கவுண்டரில் எத்தனை புகார் பதிவானது என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். மற்ற ஐந்து கவுண்டர்களில் எழுபது, எண்பது என்று இருக்கும். மூன்றாவதில் பதினொன்று, பன்னிரண்டு. குழாய்கள் எல்லாக் கவுண்டருக்கும் ஒரே மாதிரிதான் உடைந்தன. ஆனாலும் குறைந்த புகார் என்றால் நிறைந்த சேவை என்று மேலே முடிவெடுத்தார்கள். அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கட்டோடு நிற்கும் அவருடைய படம் வரவேற்பறைச் சுவரில் மாட்டப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டே சிலர் வாசலிலிருந்து திரும்பிப் போனார்கள் என்பது என் எண்ணம்.

இந்த வருடத் தொடக்கத்தில் புது மேலதிகாரி வந்தார். சுறுசுறுப்பான அம்மா. எதைப் பார்த்தாலும் அதிலிருந்து ஒரு திட்டம் எடுத்துவிடுவார். பலகையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அத்தானை அறைக்குக் கூப்பிட்டார். பில் பிரிவுக் கோப்போடு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"உங்க முறை என்ன? எப்படி மக்களை இவ்வளவு அமைதியா அனுப்புறீங்க?"

அத்தான் தரையைப் பார்த்தார். "தலைவலிங்க, மேடம்."

"அதான் விஷயமே!" என்று மேஜையைத் தட்டினார் அந்த அம்மா. "நாமளும் கஷ்டப்படுறோம்னு மக்களுக்குத் தெரியணும். தெரிஞ்சா அவங்க மனசு இளகும். ஆறு கவுண்டரும் கட்டணும். இது யாரு தைச்சது?"

"வீட்டுலதாங்க."

பன்னிரண்டு கட்டுகள் தேவை என்று உத்தரவு வந்தது. இந்த முறை வெளிர் நீலம், தண்ணீரின் நிறம். அக்கா மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். தையல் மெஷின் எங்கே இருக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அடுப்பில் உலை கொதிக்க, மூடிய அறையில், தலைவலியே இல்லாத ஐந்து பேருக்காக ஒரு பெண் நெற்றிக்கட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த அட்டை அதற்குள் பாதி காலி என்று மூன்றாம் நாள் அக்கா சொன்னாள். அத்தான் தன் பெருமையை மாத்திரை போட்டுக் கொண்டாடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆறு கவுண்டரிலும் ஆறு பேர் தலையில் நீலக்கட்டோடு உட்கார்ந்தார்கள். ஒருவர் கட்டியிருந்தால் பாவம். ஆறு பேர் வரிசையாகக் கட்டியிருந்தால் அது தொற்றுநோய். காலை பத்து மணிக்கே சனங்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். "எல்லாருக்குமா தலைவலி? இவங்க குடிக்கிறதும் நம்ம குடிக்கிற தண்ணிதானே?" என்று வரிசையில் ஒரு அம்மா கேட்டாள். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறாவது கவுண்டரின் மேல் வைத்து, "குடிச்சுக் காட்டுங்க பாக்கலாம்" என்றார். ஆறாவது கவுண்டர்காரர் அப்போதுதான் டீ குடித்து முடித்திருந்தார். "வேண்டாம் சார், இப்பதான்..." என்று கையை ஆட்டினார். அவ்வளவுதான், கதை முடிந்தது. மத்தியானத்துக்குள் குடிநீர் அலுவலகத்தாரே குடிக்காத தண்ணீர் என்று ஊரெல்லாம் செய்தி. சாயங்காலத்துக்குள் கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்தது. புதன்கிழமை காலையில் வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நின்றது.

பத்து மணிக்குச் சுற்றறிக்கை வந்தது: கவுண்டரில் அமர்பவர்கள் நெற்றியில் எதையும் கட்டக் கூடாது. வெள்ளை, நீலம், மருத்துவக் காரணம், எதுவானாலும் கூடாது. வரவேற்பறைப் படத்தைக் கழற்றி என் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

பதினொரு வருடங்களுக்குப் பிறகு அத்தானின் நெற்றி வெளிச்சத்தைப் பார்த்தது. நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெளுத்து, குழந்தை நெற்றி மாதிரி இருந்தது. முதலில் வந்த ஆள் அவரை உற்றுப் பார்த்தார். "கட்டைக் காணோமே, குணமாயிடுச்சா?" என்றார். அத்தான் தயங்கித் தலையாட்டினார். "நல்லதாப் போச்சு. அப்ப இப்ப கேளுங்க" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். செங்கல் நிறத் தண்ணீர்க்காரர்தான் அவர். பதினொரு வருடம் சேர்த்து வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் தெருமுனை வரை நின்றவர்களும் சேர்த்து வைத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அத்தானின் கை தானாக நெற்றிக்குப் போய், அங்கே ஒன்றுமில்லை என்று கண்டு, கீழே இறங்கியது. எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது; பொய் சொல்வானேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். உள்ளே வந்ததும் அத்தான் அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைக்கட்டை எடுத்தார், நனைத்தார், முன்னால் முடிச்சுப் போட்டார், கட்டிலில் படுத்தார். அக்கா ரேடியோவை அணைத்தாள். நான் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினேன். எல்லாம் சட்டப்படி நடந்தது.

பத்து நிமிடம் கழித்து அத்தான் எழுந்து உட்கார்ந்தார். கட்டை அவிழ்த்து, இறுக்கிக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார். முகத்தில் இருந்தது கோபமில்லை, சுத்தமான ஆச்சரியம்.

"இதக் கட்டினா வலி போகலயே" என்றார்.

அக்கா உலர்ந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"மண்டை தெறிக்குது. நிஜமாவே" என்றார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளி கேட்பதுபோல், "இந்தத் தலைவலி மாத்திரையெல்லாம் எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உப்பு டப்பாவுக்குப் பின்னால" என்றாள்.

அத்தான் எழுந்து சமையலறைக்குப் போனார். உப்பு டப்பா எது என்பதே அவருக்குத் தெரியாது என்பதால் நாங்களும் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. டப்பாக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, கடைசியில் அட்டையை எடுத்தார். பத்தில் இரண்டு மிச்சம். திங்கட்கிழமைதான் வாங்கிக் கொடுத்தேன்.

"அத்தான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "நான் வாராவாரம் வாங்கிட்டு வர்ற மாத்திரையில நீங்க ஒண்ணாவது சாப்பிட்டிருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு?" என்றார் அத்தான்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. அட்டையைப் பார்த்தார். காலியான எட்டுக் குழிகளைப் பார்த்தார். அக்கா திரும்பி நின்று, கொதிக்காத உலையைக் கிளறினாள்.

எங்கள் வீட்டில் இத்தனை வருடம் ஒரு நோயாளி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு நோயாளியை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டு ஒரு தலையில். வலி இன்னொரு தலையில். அமைதி, டீ, தணித்த ரேடியோ எல்லாம் கட்டுக்குப் போயின. மாத்திரை மட்டும் வலிக்குப் போனது. அதையும் கணவரின் பெயரில் வாங்கி, உப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அடுப்படியில் நின்று விழுங்கியிருக்கிறாள். வாங்கிக் கொடுத்தவள் நான். ஒரு முறைகூட அவளைக் கேட்கவில்லை. எனக்கு அத்தான் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் அதிகம். மாடியில் இருந்துகொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தவளுக்கு என்ன தெரிந்தது?

அத்தான் ஒரு மாத்திரையை விழுங்கினார். தலை சுற்றியதால் மாவு டின் மேல் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உலை கொதிக்கத் தொடங்கியது. இரண்டாவது அடுப்பில் ஏதோ தாளித்தாள் அக்கா. புகையும் ஆவியும் மேலே போய், குருவிக்கூட்டில் முட்டி, வழியில்லாமல் கீழே இறங்கின. அத்தானின் கழுத்து வியர்த்தது, பிறகு முதுகு. ஐந்து நிமிடம் பொறுத்தார். ஆறாவது நிமிடம் கட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன இது, மனுஷன் உக்கார முடியாது போலிருக்கே" என்றார். "அந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வெச்சா என்ன?"

என் வாய் திறந்துவிட்டது. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு வருடத்தையும் அந்தக் கரண்டியாலேயே அவர் தலையில் இறக்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செய்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"நல்ல யோசனைங்க" என்றாள் அக்கா. "எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

அவள் கிண்டல் செய்கிறாள் என்பது அத்தானுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புருவங்களுக்கு நடுவில் ஆழமாக ஒரு கோடு விழுந்திருந்தது. அவர் தன் வெளுத்த நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே கோடு எதுவும் இல்லை.

ஞாயிறு காலை அண்ணனைப் பார்க்கக் கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, பழக்க தோஷத்தில் அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்தார். அக்கா கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார். வெறும் நெற்றியோடு பக்கத்து வீட்டுப் படியேறினார். நாங்கள் கூடத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். தீட்டவே தேவையிருக்கவில்லை, அண்ணனின் குரல் இரண்டு சுவர் தாண்டிக் கேட்டது.

"ஜன்னலா? அது உன் சுவருடா! இதை எதுக்குடா என்கிட்ட கேக்குற? அந்தப் பொண்ணு இத்தன வருஷமா அதுக்குள்ளயா வேகுது? நீயெல்லாம் ஒரு..." மிச்சத்தை எழுத வேண்டாம்.

அத்தான் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஆனால் ஆள் முழுசாகத்தான் வந்தார். "சரின்னுட்டார்" என்றார். தெருவுக்கே தெரிந்த செய்தியை அவர் எங்களுக்கு மெதுவாகச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை கொத்தனார் வந்தார். சுவரில் கரிக்கோடு போட்டு, உளியை வைத்து, சுத்தியலால் ஓங்கினார். முதல் அடியிலேயே குருவிகள் பறந்தன. சிமெண்டுத் தூசி சமையலறையை நிறைத்தது. அக்கா பாத்திரங்களைக் கூடத்துக்கு மாற்றினாள், புடவையை இழுத்துச் செருகினாள், தலைமுடியில் தூசி படாமலிருக்க அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைக்கட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி பார்க்க நேரமில்லை. கைக்கு வந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். அது நெற்றி நடுவில், முன்னால் விழுந்தது.

அரை நாள் வேலை முடிந்து அத்தானும் நானும் வந்து சேர்ந்தோம். அவர் முதலில் உள்ளே போனார். அக்காவின் தலையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முடிச்சு எங்கே என்று பார்த்தார். பார்த்தவர் கூடத்துக்குத் திரும்பி வந்து ரேடியோவை அணைத்தார். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கொத்தனாரிடம் கையைக் காட்டி, "கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

சுத்தியல் நின்றது. வீடு முழுக்க அமைதி. சுவரில் ஒரு தலையணை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அது வழியாகப் பக்கத்து நடைபாதையின் வெயில் மாவு டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அத்தான் அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். "வலிக்குதா?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் அவளை அந்தக் கேள்வி யாரும் கேட்டதில்லை. அக்கா "தூசிக்குக் கட்டினேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லாமல் நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கொத்தனாரைப் பார்த்தாள், அணைந்திருந்த ரேடியோவைப் பார்த்தாள். வலித்த நாளெல்லாம் இல்லை என்றே சொல்லிப் பழகியவள், துளி வலியில்லாத அன்று சொன்னாள்:

"ஆமா."

சொல்லிவிட்டு, கூடத்துக்குப் போய், அவருடைய கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "ஒரு டீ குடிச்சா தேவலாம்" என்றாள், யாரிடம் என்று சொல்லாமல். கொத்தனார் வெளியே போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானுக்கு உதவச் சமையலறைப் பக்கம் திரும்பினேன். அக்கா கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சமையலறையிலிருந்து டப்பா மூடிகள் திறக்கும் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. டீத்தூள் எங்கே இருக்கிறது என்று அத்தானுக்குத் தெரியாது. ஆனால் முன்னால் முடிச்சுப் போட்டவரிடம் எதையும் கேட்கக் கூடாது; அது அவரே போட்ட சட்டம். கேட்காமல் தேடிக்கொண்டிருந்தார்.